எந்தச் சன்னல் என்று எழுதவில்லை

முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.
அலறல் கேட்டால் கண் நம்பிவிடும்.
நம்புவதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

முப்பத்தெட்டு நொடி.
மணல்தொட்டி, மஞ்சள் சறுக்குமரம்,
கறுப்புச் சீருடையில் ஆறு பேர்,
கையில் ரொட்டிப் பையோடு ஒருவன்.
பதினோராவது நொடியில் பை விழுகிறது.
பிறகு அவன்.

எல்லைக்கு இந்தப் பக்கம், வில்னியஸில்,
பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அறை.
கீழே துளையிடும் சத்தம்.
மேலே நானும் தடாஸும்
நொடியிலிருந்து ஃபிரேம் ஃபிரேமாகப் பிடுங்கிக்கொண்டிருப்போம்,
மரத்துப்போக ஊசி எதுவும் இல்லாமல்.

நான் விட்டுவந்த அந்த நகரத்தில்
குடியிருப்புகள் எல்லாம் ஒரே அச்சு.
ஒன்பது மாடி, நான்கு வாசல், சாம்பல் நிறம்.
கட்டியவர்களுக்கு மலிவு,
தேடுகிறவளுக்குத் தலைவலி.
வித்தியாசம் பால்கனிகளில் மட்டும்.
ஒருவர் கண்ணாடி போட்டிருப்பார், ஒருவர் பலகை.
எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியில் யாரோ
ஆகஸ்ட் மாதத்திலும்
குழந்தையின் பனிச்சறுக்கு வண்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
சிவப்பு.

அந்தச் சிவப்பைத் தேடி ஐந்து நாள்.
செயற்கைக்கோள் படத்தில் கூரைதான் தெரிந்தது.
கடைசியில் ஒரு வீடு விற்பனை விளம்பரத்தில் அகப்பட்டது:
“இரண்டு அறை. அமைதியான முற்றம்.
குழந்தைகளுக்கு ஏற்றது.”

தடாஸ் நிழலை அளந்தான்.
விளக்குக் கம்பத்தின் நிழல் மணல்தொட்டியைத் தாண்டி
பெஞ்சின் முதுகில் ஏறியிருந்தது.
“மாலை ஏழு பத்து.
அனுப்பிய ஆள் காலை ஒன்பது என்கிறார்.
நேரத்தில் பொய் என்றால் எல்லாம் பொய்.
தள்ளி வை, யாரஸ்லாவா.”

அது விதி.
அதை எழுதியதும் நான்தான்.

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு
ஒலியை மட்டும் கேட்டேன்.
உன் மூச்சு, வாய்க்கு மிக அருகில்.
இருபத்திரண்டாம் நொடியில்
உனக்குப் பின்னால் கெட்டில் கூவத் தொடங்குகிறது,
யாரும் அணைக்கவில்லை.
முப்பதில் ஒரு பெண் குரல்,
கிசுகிசுப்பாக உன் பெயரைச் சொல்லி
“உள்ளே வந்துடு” என்கிறது.

அப்போதுதான் புரிந்தது.
காலை ஒன்பதுக்கு நீ வேலையில் இருந்திருப்பாய்.
பதிவேட்டில் உன் கையெழுத்து இருக்கும்.
நீ எனக்குப் பொய் சொல்லவில்லை,
கதவைத் தட்டப்போகிறவர்களுக்குச் சொன்னாய்.
நிழலையும் கூட்டுச் சேர்க்க வேண்டும் என்று மட்டும்
உனக்குத் தோன்றவில்லை.

பிறகு நான் செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தேன்.
முற்றத்தின் இரண்டு விளக்குக் கம்பங்கள்
ஒன்றை ஒன்று மறைக்கிற கணத்தில் நிறுத்தி,
அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினேன்.
கோடு புல்லைத் தாண்டி, வாசலைத் தாண்டி
சுவரில் ஏறி
ஒரு சன்னலில் நின்றது.
ஒரே ஒரு சன்னல்.
நாலு நிமிட வேலை.
அவர்களிடமும் அளவுகோல் இருக்கும்.

மூலப் பிரதியைப் பூட்டி வைத்திருக்கிறோம்,
அறுபத்துநான்கு எழுத்துக் கைரேகையோடு.
ஒரு புள்ளி மாறினாலும் அந்த ரேகை மாறிவிடும்.
என்றாவது ஒரு நீதிமன்றம் கேட்டால் அது பேசும்.
வெளியே போகிற பிரதியில்
ஒலி இல்லை.
ஓரத்தை வெட்டியதில் ஒரு கம்பமும் இல்லை.
மிச்சமிருக்கும் ஒற்றைக் கம்பத்தை வைத்து
யாரும் கோடு போட முடியாது.

பத்திரிகையிலிருந்து கேட்டார்கள்,
அம்புக்குறியோடு ஒரு வரைபடம் கிடைக்குமா என்று.
வாசகர்கள் நம்புவார்களாம்.
“இடம்: உறுதி. நாள்: உறுதி.
எடுத்த இடம்: எங்களுக்குத் தெரியும்”
என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.
தடாஸ் கையெழுத்திட்டான்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

உன் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

விழுந்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை.
பையில் நீல எழுத்து, பாதி மடிப்புக்குள்.
அந்த நகரத்தின் ரொட்டிக் கடைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நாற்பத்தொன்று முடிந்தது.