ஒன்பதாவது வளைவு

உக்கடத்துப் பழைய இரும்புக்கடையில்
எடைபோட்டு வாங்கிய மலை சைக்கிள்.
பின் கியரும் அதன் லீவரும் எக்ஸ்டி.
கிராங்க் நடுத்தரம்.
முன் கியர் எந்தக் கம்பெனியென்று
அதன் துருவுக்கே தெரியாது.
செயின் நான் போட்டது,
இருப்பதிலேயே மலிவு.

"ஏனுங்க, பட்டு வேட்டிக்குப்
பனியன் வேஸ்ட்டுல ஒட்டுப் போட்டாப்ல இருக்குது"
என்றான் சென்னியப்பன்.
கணபதியில் லேத் ஓட்டுகிறவன்;
நூலிழை பிசகினாலும் தூக்கம் வராது அவனுக்கு.

பண்ணாரி செக்போஸ்ட் தாண்டித்
திம்பம் ஏறினோம்.
ஒன்பதாவது வளைவில்
உசத்தி லீவர் சொடுக்க மறுத்தது.
முப்பது வருஷத்துக் கிரீஸ்
உள்ளே பாகாய் இறுகிக் கிடந்திருக்கிறது.
கட்டைவிரல் தள்ளத் தள்ள
வெறும் மௌனம்.

பேரில்லாத முன் கியர்தான்
கர்ரென்று, அசிங்கமாக,
செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கியது.
கால் சுற்றியது.
முன்னால் கோழித்தீவன லாரி ஒன்று
எங்களைப்போலவே முனகிக்கொண்டு போனது.

உச்சி டீக்கடையில்
சென்னியப்பன் டீயைக்கூடத் தொடாமல்
குனிந்து அந்த முன் கியரைத்
துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.
பேர் கிடைக்கவில்லை.
கிளாஸில் அவன் கைக்கறை
ஐந்து விரலாய் இருந்தது.

இறங்குகிறபோது கேட்டான்:
"மண்ணெண்ணெய் இருக்குதுங்களா ஊட்டுல?"