மூன்றாவது சொல்

பனியின் பாரம் தாங்காமல்
மடத்துக் கூரை இறங்கிய இரவில்
தூர் ஆற்றைக் கடந்து
ஐந்து கன்னியரும் ஒரு தையல் இயந்திரமும்
இவர்கள் வாசலில் வந்து நின்றோம்.
(தூர் என்றால் எங்கள் மன்னாரில்
குளத்தின் அடியில் கிடப்பது.
இங்கே அது ஓடுகிறது.)
மூன்று கிழமைக்குத்தான் என்றார் சிஸ்டர் இடா.
இது நாலாவது குளிர்காலம்.

இவர்கள் சீர்திருத்த சபையார்.
சாம்பல் நிற உடுப்பு, வெள்ளைத் தொப்பி,
பதினொரு பேர்.
சுவரில் ஒரு சுரூபம் கிடையாது.
கொண்டுவந்த மாதாவுக்கு
இடம் கேட்கத் துணிவில்லாமல்
துணி அலுமாரிக்குள் வைத்திருந்தோம்.
இஸ்திரி போட வந்த ட்ரூடி
திறந்து பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் மூடினார்.
மறுநாள் அலுமாரிக்குள்
சின்னதாய் ஒரு மின்விளக்கு பூட்டியிருந்தது.

வில்லங்கம் விடியற்காலைச் செபத்தில்தான்.
ஃபாட்டர் உன்சர் என்று நாங்கள் தொடங்க
உன்சர் ஃபாட்டர் என்று அவர்கள்.
தந்தையும் எங்களும்
முன்பின்னாய் இடம் மாறிய இரண்டே சொல்.
ஐந்நூறு வருசத்துச் சண்டை
அந்த இரண்டில் முட்டிக்கொள்ளும்,
ஒடுங்கிய கதவில்
இருவர் ஒரே நேரம் நுழைந்தாற்போல.
மூன்றாவது சொல்லில்
பதினாறு குரலும் ஒன்றாகிவிடும்.
அதற்குப் பிறகு பிசகே இல்லை.

ஒரு நாள் உருளைக்கிழங்கு உரிக்கையில்
ட்ரூடி கேட்டார்:
உன் மொழியில் உன்சருக்கு என்ன சொல்?
இரண்டு இருக்கிறது என்றேன்.
கேட்பவரையும் சேர்த்தால் நம்.
சேர்க்காவிட்டால் எங்கள்.
கத்தியைக் கீழே வைத்தார்.
செபத்தில் எது?
எங்கள்.
அப்போ நான் வெளியேயா?

உடனே பதில் வரவில்லை எனக்கு.
இரவில், மாடிப்படியில் வந்தது.
திரும்ப இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.
யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ
அவரை மட்டும்தான் அந்தச் சொல் வெளியே விடும்.
உங்களைப் பார்த்துச் சொன்னால்
நீங்கள் வெளியே.
உங்கள் பக்கத்தில் நின்று
மேலே பார்த்துச் சொன்னால்...
விளங்கிவிட்டது, போய்ப் படு என்றார்
பல்செட் கழற்றிய வாயால்.

பொய் சொல்லக் கூடாது.
ஞாயிறு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.
ஒன்பது மணிக்கு அவர்கள் அப்பம்,
பத்தரைக்கு எங்களது.
அவர்கள் பந்தியில் நான் கைகட்டி இருப்பேன்.
எங்கள் பந்தியில்
ட்ரூடி பூச்சாடியைப் பார்த்தபடி இருப்பார்.
மேசைவிரிப்பு மட்டும் ஒன்று.
துவைப்பவள் நான்.
எந்த மெழுகுச் சொட்டு
எத்தனை மணிக்கு விழுந்ததென்று
எனக்குத் தெரிவதில்லை.

மாசியில் இடா போனார்.
கடைசி மூன்று இரவும்
ட்ரூடிதான் பக்கத்தில்.
வாழ்நாளில் தொட்டிராத செபமாலையை
இடாவின் விரல்களுக்குப் பதிலாக உருட்டி,
பத்துக்குப் பதினொன்று,
சிலவேளை பதின்மூன்று என்று
எண்ணிக்கை தவறித் தவறி.

நன்றி சொல்லப் போனேன்.
ஷோ குவெட், ஷோ குவெட் என்று
அப்பிள் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார்.
வாங்க ஆளில்லாத நன்றியோடு
திரும்பி வந்தேன்.
அன்றிரவு தையல் அறையில்
நாங்கள் நால்வரும் பேசி முடிவெடுத்தோம்:
நாளை அவர்கள் முறையில் தொடங்குவோம்.
சொல்லத்தானே விடமாட்டார்கள்.

விடிந்தது. மணி அடித்தது.
பதினைந்து பேர்.
உன்சர் ஃபாட்டர் என்றோம் நாங்கள்.
ஃபாட்டர் உன்சர் என்றார்கள் அவர்கள்.

யாரோ சிரித்துவிட்டார்கள்.
யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
ட்ரூடி தன் தொப்பியைச் சரிசெய்வதுபோல
முகத்தை மறைத்துக்கொண்டார்.
இடாவின் நாற்காலியில்
மடித்தபடி அவரது கம்பளி.

பிறகு அந்த மூன்றாவது சொல்,
வழக்கத்தைவிடக்
கொஞ்சம் பிந்தி.