ஹாபாக் கணக்கு

எல் ஆல்ட்டோ சந்தை வியாழனும் ஞாயிறும்.
தார்ப்பாயின் இடப்பக்கம் அத்லான்,
நான்கு கோர், எண்பது பொலிவியானோ.
வலப்பக்கம் பென்டியம்,
இரண்டே கோர், நூற்றுப் பத்து.
இரண்டும் சிலியிலிருந்து மூட்டையில் வந்தவை.
எந்த அலுவலகத்தில் யார் வையச் சுழன்றனவோ.

“நாலு பெருசா, ரெண்டு பெருசா?”
பத்து வருடமாக என் வியாபாரப் பேச்சு இவ்வளவுதான்.
இடப்பக்கம் சீக்கிரம் காலியாகும்.

நிக்கோலாசா சோண்ட்டோ
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
“எதில் பெருசு?” என்றாள்.

முதுகுப் பொதியை அவிழ்த்தாள்.
ஒரு பென்டிரைவ். ஒரு பொட்டலம் வறுத்த ஹாபா.
பென்டிரைவில் இரண்டு கோப்பு:
மொரெனாடா ஆட்டக்காரனின் அங்கிக்கு
அவள் வரைந்த டிராகன், நாற்பத்தோராயிரம் தையல்.
அடுத்தது திருவிழா ஊர்வலம்.
மைத்துனன் குடித்துவிட்டு எடுத்த வீடியோ,
பாதிக்குமேல் தரைதான்.

“ரெண்டையும் ரெண்டிலும் ஓட்டு.”
கைபேசியில் நேரம் பார்க்கலாமே என்றேன்.
“கைபேசி உன்னுடையது” என்றாள்.
ஒரு கொட்டையை உரி, மெல், விழுங்கு.
அது ஒன்று.

பதற்றத்தில் பொருத்தப்போய்
அத்லானுக்கு ஒரு கால் மடங்கிவிட்டது.
தொள்ளாயிரத்துச் சொச்சம் கால்,
ஒன்று நொண்டினாலும் எழுந்திருக்காது.
“நகர்” என்றாள்.
ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.
நான் செய்திருந்தால் முறிந்திருக்கும்.

வீடியோவைச் சுருக்க
அத்லானுக்குப் பதின்மூன்று கொட்டை.
பென்டியத்துக்குப் பத்தொன்பது,
கடைசி இரண்டும் கருகியவை, துப்பினாள்,
ஆனாலும் கணக்கில் சேர்த்தாள்.
பார்த்தாயா என்று வாயைத் திறந்தேன்.
“டிராகன்” என்றாள்.

டிராகனைத் தையலாக்க
பென்டியத்துக்கு நான்கு.
அத்லான் முடித்தபோது
ஆறாவது அவள் கடைவாயில் பாதி.

“இதில் மூணு ஜிகாஹெர்ட்ஸ் போட்டிருக்கு.
அதில் ரெண்டு புள்ளி ஆறு.
அப்புறம் எப்படி?”
சுற்று குறைவு, சுற்றுக்குச் செய்வது அதிகம்.
உன் மென்பொருள் வேறு
ஒற்றை நூலில் ஓடுகிறது அம்மா,
ஒரு கோர் தைக்கும்,
மீதி மூன்றும் கைகட்டிப் பார்க்கும்.
“எங்கள் சங்கக் கூட்டம்” என்றாள், சிரிக்காமல்.

பிறகு இரண்டின் மேலும் கையைக் காட்டினாள்,
அடுப்பில் தோசைக்கல் பார்ப்பதுபோல.
நாலாயிரம் மீட்டர் உயரம் இது.
தண்ணீர் எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
விசிறிக்குத் தள்ளக் காற்று போதாது,
அத்லானின் விசிறி
பேருந்து நிலையத்துக் கூவல்காரன் மாதிரி கத்தியது.
“இதற்கு நான் கரண்டும் கட்டவேண்டும், இல்லையா?”

ஊர்வலம் வருடத்துக்கு ஒன்று.
டிராகன் நாளைக்கு மூன்று.
இதை அவள் சொல்லவில்லை.
மடியில் கிடந்த தோல்களை
இரண்டு குவியலாக ஒதுக்கினாள், அவ்வளவுதான்.
விலை அட்டையை நான்தான் எழுதினேன்,
நான்தான் முதன்முறை படித்தேன்.

“நூறு.”
நூற்றுப் பத்து.
“கால் நிமிர்த்திய கூலி பத்து.”

பென்டியத்தைப் பலகையோடு
பொதிக்குள் குழந்தைபோல் கட்டிக்கொண்டு போனாள்.
பொட்டலத்தில் மீதம் ஒன்பது கொட்டை.
விட்டுப்போனாளா, மறந்தாளா, தெரியவில்லை.

அடுத்த ஆள் வந்தான், இளைஞன்.
நாலு பெருசா, ரெண்டு பெரு...
தொண்டையில் நின்றுவிட்டது.
“தம்பி, என்ன வேலைக்கு?” என்றேன்.
சந்தேகமாய்ப் பார்த்துவிட்டு
பக்கத்துக் கடைக்குப் போய்விட்டான்.

அத்லான் அன்று விற்கவில்லை.
இரவு அறையில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.
அதைப் பொருத்தி
மைத்துனனின் ஊர்வலத்தை
மறுபடி மறுபடி சுருக்கவிட்டேன்.
நான்கு கோரும் ஒன்றுபோல் உழைத்தன, யாருக்குமில்லாமல்.
வெந்நீர்ப் பையைப்போல் பக்கத்தில் வைத்துக்கொண்டு
விரல்களைக் காய்ச்சினேன்.
பதின்மூன்றுக்குக் கொட்டை போதவில்லை.
ஒன்பதிலேயே தூங்கிவிட்டேன்.