பீரின் பெயர் கயிற்றுமணல்

ஃபெபின் இரணியல் ஸ்டேஷனில் இறங்கியபோது
ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஒன்றரை மணி நேரம் லேட்.
பையில் நாலு குப்பி,
ஒவ்வொன்றையும் ஒரு லுங்கியில் பொதிந்திருந்தான்
ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போகிற பிள்ளையைப்போல.

பெங்களூரில் அவன் பீர் காய்ச்சுகிற கம்பெனியில்
ஆளுக்கொரு பீர், ஊரிலிருந்து ஒரு பெயர்
என்று சொல்லிவிட்டார்களாம்.
மணவாளக்குறிச்சி என்று வைக்க
லேபிளில் இடம் போதவில்லை.
கயிற்றுமணல் என்று வைத்துவிட்டான்.

கதை பின்பக்கம், எறும்பெழுத்தில்:
நூறு வருஷத்துக்கு முன்னால்
இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில்
மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது.
ஜெர்மன்காரர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
பிறகு வந்த கப்பல்கள்
கயிறு கேட்கவில்லை.

படத்தில் கயிறு உண்டு, தென்னை உண்டு, கண்ணாடி உண்டு.
கரையை மட்டும் பால்வெள்ளையாய்த் தீட்டியிருந்தார்கள்.
"வரைஞ்ச பொண்ணு இந்தப் பக்கம் வந்ததில்ல, சித்தப்பா."

சின்னவிளையில் கடலுக்குப் போட்ட கல்லின்மேல்
நானும் அவனும் ரெஜிஸ் அத்தானும்.
அத்தான் பல்லால் திறந்தார்.
டம்ளரில் ஊற்றினால் கறுப்பு.
நுரை அடங்க அடங்க
அலை இழுத்துவிட்டுப் போன ஈரக்கரையின்
அதே கறுப்பு.
"கசப்பு கொள்ளாம் மக்கா" என்றார்.
விலை கேட்டபின்
குப்பியைத் திருப்பி இன்னொருதரம் பார்த்தார்
உள்ளே வேறு ஏதும் கிடக்கிறதோ என்று.

தானியம் எங்கேயிருந்து என்று கேட்டேன்.
ஜெர்மனி என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு விளங்கவில்லை.
பெட்ரோமாக்ஸ் பார்த்திராத பிள்ளை.
பட்டுக்கூடு மாதிரி ஒரு மேண்டில், தொட்டால் சாம்பல்.
தேர்ப்பவனிக்கு அதைத் தலையில் வைத்து
முன்னால் நடந்திருக்கிறேன், கழுத்து வலிக்க.
அதற்கும் மூலம் இந்த மணல்தான்:
ஒரு காலத்தில் இங்கிருந்து போய்
வெளிச்சமாகி
விலைச்சீட்டோடு திரும்பிவந்தது.

"ஒரு பிடி மண்ணு வேணும் சித்தப்பா.
கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு
பார் மேசையில வைக்க."
பதினேழு வருஷமாய் பாக்கிங் செக்‌ஷனில் நிற்கிறேன்,
ஷிப்ட் முடிந்து வாசலில்
செருப்பை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.
ஒரு டீஸ்பூன் மண்ணுக்கும்
டில்லியில் யாராவது கையெழுத்துப் போடவேண்டும்.
பெயரைக் கொண்டுபோனதற்கு
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

லேபிளின் அடியில் தமிழில் ஒரு வரி,
அவனே எழுதியதாம்:
கதிர் இல்லை. கசப்பு மட்டும்.
உரக்க வாசித்துவிட்டான்.
நான் அத்தானின் முகத்தைப் பார்க்காமல்
பார்லிக்கும் கதிர் உண்டே,
ராட்டிலும் கதிர் உண்டே என்று
என்னத்தையோ உளறினேன்.
அத்தான் மீசை நுரையைத் துடைத்துக்கொண்டு
"பிரகாசிக்கு வாற செவ்வாயோட இருபத்திமூணு கதிரு" என்றார்,
ஏலத்தில் மீன் எண்ணுகிற குரலில்.
ஃபெபின் நாலாவது குப்பியைத் திறக்கவில்லை.

அவன் ஞாயிறு சாயங்காலம் போய்விட்டான்.
காலிக் குப்பிகளை இமெல்டா வாளியில் ஊறப்போட்டாள்.
தென்னை கழன்றது. கண்ணாடி கழன்றது.
செவ்வாய் விடியுமுன்னே
ஒன்றில் கஞ்சித்தண்ணி ஊற்றி
வாயில் துணி அடைத்துக் கொடுத்தாள்.
அக்கா தொண்டைக்கு இப்போது அதுதான் இறங்குகிறது.

திருவனந்தபுரம் பாசஞ்சரில் ஜன்னலோரம்
அக்கா குப்பியை மடியில் வைத்து
கிழிந்த லேபிளை விரலால் தடவி
எழுத்துக்கூட்டினாள்.
"கயிற்று..."
பிறகு என்னைப் பார்த்தாள்.
"மிச்சம் எங்கலே போச்சு?"

ரயில் குழித்துறை தாண்டியிருந்தது.