கழற்றும் முன்

லாஹேவ் ஆறு பாதி உறைந்து கிடந்த வாரம்
மீன்பெட்டிக்குள் வலைத்துண்டு சுற்றி
அதைக் கொண்டுவந்தார் எல்வுட் ஹிம்மெல்மன்.
கடல் ஏறிய நிலவறையில்
மூன்று நாள் மூழ்கிக் கிடந்ததாம்.
ஓக் மூடி சிப்பிபோல் வாய் பிளந்திருக்க
உள்ளே பாசிப் பச்சையில் பித்தளை.

என் கடையில் எதற்கும் இரண்டு விலை.
ஆர்டிஸ் கூட்டாளியாக இருந்தவரை
ஒன்றுதான் இருந்தது: பாடவைக்கும் விலை.
திருகாணி ஒன்று அந்தப் பெட்டியில் பிறக்காதது என்றால்
இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.
ஹாலிஃபாக்ஸ் அருங்காட்சியகம் மாதச் சம்பளம் தந்தது, போய்விட்டாள்.
போகும்போது என் இழுப்பறைகளைப் பார்த்து
'கசாப்புக் கடை' என்றாள்.
மறுக்கவில்லை.
கசாப்புக்காரனுக்கும் வாடகை உண்டு.

"சரிபண்ண எவ்வளவு?"
ஆயிரத்து நூறு டாலர்.
"கழற்றி விற்றால்?"
உங்கள் கைக்கு முந்நூற்று நாற்பது.
விரல்களை மடக்கி ஏதோ கூட்டினார்.
கணப்பு எண்ணெய்ப் பாக்கியாக இருக்கலாம்.
"கழற்றுங்கள்" என்று கதவு வரை போனவர்
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.
"கழற்றும் முன் ஒருமுறை கேட்க முடியுமா?"

யோசித்துப் பாருங்கள்.
ஒரே ஒரு முறை பாடுவதற்கும்
முழுசாக இருந்தால்தான் பாடும்.
இதைச் சொல்ல வாயெடுத்தவன்
'வியாழன் கழித்து வாருங்கள்' என்றேன்.
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

ஒன்பது இரவுகள்.
தாராய் உறைந்த கிரீஸை
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டினேன்.
வேகம் அடக்கும் மூன்று குண்டுகளில் ஒன்று விண்டிருந்தது;
டென்மார்க்காரர் ஒருவருக்கு அஞ்சல்தலை ஒட்டிவைத்த
பொட்டலத்தைப் பிரித்து மாற்றுக் குண்டு எடுத்தேன்.
ஊசியின் நீலக்கல் வேறொரு சவத்திலிருந்து.
வார்ப்பட்டைக்கு என் பழைய பூட்ஸின் நாக்கை அறுத்தேன்.
இரண்டு மூன்று மிஷினைக் கோத்து ஒன்றாக்குவதை
எங்கள் தொழிலில் கல்யாணம் என்போம்,
அதைச் சொல்லாமல் விற்பவனைத் திருடன் என்போம்.
இது கல்யாணம்கூட இல்லை.
மணவறையிலேயே விவாகரத்து எழுதிவைத்த ஏற்பாடு.

வந்தார். உட்காரவில்லை.
கோட்டுக்குள்ளிருந்து அட்டைக் குழல் ஒன்றை எடுத்தார்,
அதற்குள் பழுப்பு மெழுகு உருளை.
கடையில் விற்ற பாட்டல்ல;
வீட்டில் யாரோ பதிந்தது.
சாவி கொடுத்தேன். கொம்பு இருமியது.
வாணலியில் ஹெர்ரிங் பொரிகிற இரைச்சல்,
அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், ஓர் ஆண்குரல்:
"ஓடுகிறதா?"
தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி:
"ஓடுகிறதா, இது?"
அவ்வளவுதான்.
மிச்ச நேரமெல்லாம் பொரிகிற சத்தம்.
என்ன சொல்வதென்று அவனுக்கும் தோன்றவில்லை போலும்.

"ஓடுகிறது" என்றார் எல்வுட்,
கொம்பைப் பார்த்து, மெதுவாக.

யார் அது, என்றேன்.
"தெரியாது. வீட்டை வாங்கியபோதே அங்கே கிடந்தது."
தொப்பியை மாட்டிக்கொண்டார்.
"இனிக் கழற்றலாம்."

அவர் கண்முன்னேயே கழற்றினேன்.
குண்டு டென்மார்க்குக்கு.
நீலக்கல் ஏழாம் இழுப்பறைக்கு.
எண்ணைப் பொறித்த தகடு தனியே,
அதை மட்டும் வாங்க ஆள் இருக்கிறது.
பெட்டியில் கடைசியாக எஞ்சியது
என் பூட்ஸின் நாக்கு.
உருளையை அவர் எடுக்கவில்லை, நான் நினைவூட்டவுமில்லை.
என் இரண்டு விலைகளில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்தபோது
"அந்தக் கைப்பிடி எனக்கு வேண்டும்" என்றார்,
சாவி கொடுக்கும் அந்த இரும்பு.
யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு நிற்கிறார்.
பன்னிரண்டு டாலர் கழித்துக்கொண்டேன்.
ஆர்டிஸ் இருந்திருந்தால் சும்மாவே கொடுத்திருப்பாள்,
அல்லது ஒன்றையுமே கொடுத்திருக்க மாட்டாள்.

பனிக்குள் பாலத்தைக் கடந்து போகிறார்.
கோட்டுப் பையிலிருந்து வெளியே நீட்டியபடி
கைப்பிடி.