நாலடி

நாலு மாடிச் சாரத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு
மஞ்சக்குப்பத்தில் பாதி வீடு பூசியவர் கலியவரதன்.
அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும்.
மணியாசுக் கட்டையைத் தேய்த்தபடியே
டீ என்னாச்சு என்று கீழே கத்துவார்.
ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை.

செம்மண்டலத்தில் ஒரு சமையல்கட்டு.
சீலிங் மூலைக்குக் கை எட்டவில்லை.
தார் டிரம் இரண்டு, குறுக்கே ஒரு சென்ட்ரிங் பலகை.
பலகை ஆடியது.
அண்டக் கொடுக்க அரைச் செங்கல் ஒன்று
தேடி எடுத்துத் தந்தது நான்.
"நாலடிதானே" என்றார்.
பெல்ட் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

பூசினது மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க
ஒரு எட்டு பின்னால் வைத்தார்.
பலகையில் அந்த ஒரு எட்டு இல்லை.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்
எத்தனாவது மாடி என்று கேட்டார்.
மாடி இல்லைங்க, சமையல்கட்டு என்றேன்.
பேனா நின்றது.
பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.
கலியவரதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
குதிகால் எலும்பு தூள்.
இப்போது சிப்காட்டில், உட்கார்ந்த இடத்து வாட்ச்மேன்.

அடி என்றால் அளவு என்று இருந்தேன்.

மாசியில் இன்ஜினியர் வாடகைக்குக் கொண்டுவந்தார்
சக்கரம் வைத்த மேடை ஒன்றை. உயரம் அதே நாலடி.
இடுப்புக்குக் கம்பி, காலோரம் தடுப்பு,
உள்ளே போனதும் தானே சாத்திக்கொள்ளும் கதவு.
இந்தக் குட்டைக்கா நாளுக்கு நூற்றெண்பது என்று
வீட்டுக்காரர் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார்.
தேர் வந்துடுச்சு என்று பெயிண்டர் பையன்கள் ஊளையிட்டார்கள்.

தேர்தான்.
பாடலீஸ்வரர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன்
சாமியைப் பார்ப்பதில்லை, சக்கரத்தைப் பார்க்கிறான்.
நாலு பூட்டையும் நான்தான் மிதிக்கிறேன்.
டக். டக்.
மூன்றாவது கொஞ்சம் முரண்டு, அதற்கு இன்னொரு மிதி.
டக். டக்.

மேலே நின்றபடியே தள்ளச் சொல்வான் பாவாடைராயன்,
"ஒரு முழம்தானே அஞ்சலாட்சி."
இறங்கு என்பேன்.
"நீ என்ன மேஸ்திரியா?"
இறங்கு.
முனகிக்கொண்டே இறங்குவான். சிமெண்டுக் கையோடு
கதவைத் திறப்பதால் கதவெல்லாம் அவன் விரல்.

அந்த அரைச் செங்கல்லை அப்புறம் தேடினேன்.
கைப்பிடிச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்களாம்.
மேலே பூச்சு, அதற்கு மேலே பெயிண்ட்.
வேலைக்குப் போகிற பஸ் அந்தத் தெருமுனையில் திரும்பும்போது
எந்த இடமாக இருக்கும் என்று பார்ப்பேன்.
ஒரே வெள்ளை.