முன்னிருப்பு

டயர் கடைக்கு மேலே வாடகை அறை.
ஆலை அலுவலகம் கழித்துவிட்ட ஒன்பது கணினிகள்.
விசைகளின் இடுக்கில் இன்னும் செம்பனைத் தூசி.
ஊத்தான் மெலிந்தாங்கில் வியாழன் இரவு,
கீழே பாசார் மாலாம் கூடாரங்களை மடிக்கிறது.

நான்கு பெட்டிக்கு எக்ஸ்எஃப்சிஇ,
பாவம், நினைவகம் இரண்டு ஜிபிதான்.
மூன்றுக்கு எல்எக்ஸ்க்யூடி.
கொஞ்சம் புதிதாய் இருந்த இரண்டுக்குக் கேடிஇ,
அது ஹஃபிஸின் பிடிவாதம்.
முகப்பு எப்படியோ போகட்டும்,
உள்ளே இருப்பது பொதுவாக இருக்கட்டும் என்றாள் தவமலர்.
அந்த ‘உள்ளே’வில்தான்
மணி பதினொன்றானது.

உரைத்திருத்தி எது?
எல்லாவற்றுக்கும் ஒன்றே என்கிறாள் அவள்:
இன்று இந்த நாற்காலி, நாளை அந்த நாற்காலி,
எங்கே உட்கார்ந்தாலும்
‘சேமி’ அதே மூலையில் இருக்க வேண்டாமா?
அந்தந்த அடுப்புக்கு அந்தந்தச் சட்டி
என்கிறான் ஹஃபிஸ்,
பாதி மலாய், பாதி எங்கள் தமிழ், மிச்சம் கை.

நான் எடைமேடைக் கிராணி.
லோரி வந்து நின்றால்
ஏற்றியதில் எது பழம், எது மழைத்தண்ணீர்
என்று பார்க்கிற புத்தி.
சோதனைக்கு ஏழாம் பெட்டியில்
கேடிஇ வீட்டுத் திருத்தியை அழைத்தேன்.
ஒரு பிள்ளையைத்தான் கூப்பிட்டேன்.
மாமன் வந்தார், மச்சான் வந்தார்,
மச்சானின் பங்காளிகள் சாமான் சட்டியோடு வந்தார்கள்.
எழுபத்தெட்டுப் பொதிகள்.
தூறினாலே அறுந்துபோகும் இந்த இணையத்தில்
முக்கால் மணி நேரம்.

“பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளட்டுமே,” என்றான் ஹஃபிஸ்.

யார் மாற்றுவார்?
என் மைத்துனர் கைப்பேசியில் ஆறு வருடமாக
அதே மணியோசை,
கடைக்காரன் விட்டுவைத்த அதே நீல மலை.
முன்னிருப்பு என்பதை
யோசனையாகத்தான் எழுதுகிறோம்.
வந்து உட்கார்கிறவருக்கு
அது சுவர்.

அப்போது படியேறி வந்தான் ரொபியுல்.
ஆலையில் பன்னிரண்டு மணி ஷிப்டு,
கைப்பேசித் திரை உடைந்துவிட்டது,
விளக்கு எரிவதைப் பார்த்தானாம்.
அஞ்சல் பார்க்க வேண்டும், ஐந்தே நிமிடம்.
ஏழாம் பெட்டிதான் விழித்திருந்தது.

திறந்தான்.
சதுரம்.
சதுரம் சதுரம் சதுரம்.
வரிவரியாகக் காலிச் சதுரங்கள்,
நடுவில் 45000 என்ற எண் மட்டும்
படிக்கும்படி.
“தங்கச்சிகிட்ட லெட்டர் கேட்டேன்,” என்று சிரித்தான்,
“டைல்ஸ் அனுப்பிட்டா.”

மூன்று மணி நேரம் பேசியிருந்தோம்.
தமிழ் எழுத்துரு இருந்தது, நாங்கள் தமிழர்.
ஜாவி இருந்தது,
ஹஃபிஸ் தன் அப்பாவுக்குப் போட்டது.
ஒன்பது பெட்டியையும் தூக்கி வந்து
மேசையில் அடுக்கியவனுக்கு
ஒரு எழுத்தும் இல்லை.

வங்காள எழுத்துருவை அழைத்தேன்.
சின்னப் பொதி.
மாமன் மச்சான் யாருமில்லாமல்
ஒற்றையாய் வந்து இறங்கியது,
அவனைப் போலவே.

மறுபடி திறந்தான்.
மேலே கோடு, கோட்டிலிருந்து எழுத்துகள் தொங்கின,
கொடியில் காயும் துணிகளாய்.
உதடு அசைய வாசித்தான்.
ஓரிடத்தில் உதடு நின்றது, கண் மட்டும் போனது.
45000 எதற்கென்று அவன் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்,
ஷிப்டுக்கு ஆறு நிமிடம்.

தவமலர் பட்டியலின் முதல் வரியை அடித்தாள்.
‘எழுத்துருக்கள், எல்லாப் பெட்டிக்கும்’ என்று
அதன் தலைமேல் எழுதினாள்.
நேப்பாளத்துக்கு ஒன்று, பர்மாவுக்கு ஒன்று.
வேறு யார், வேறு யார் என்று
ஆலை வாசலை மனத்தில் ஓட்டிப் பார்த்தோம்.
யாரோ ஒருவர் விட்டுப்போயிருப்பார்,
நிச்சயம்.

உரைத்திருத்திக்கு எதிரே இன்றும் கேள்விக்குறி.
ஏழாம் பெட்டியில் இரண்டும் இருக்கின்றன,
பங்காளிகள் சகிதம்.
தான் ஜெயித்ததாக ஹஃபிஸ் சொல்லித் திரிகிறான்.
தவமலரும்.